வாயில்லா உயிர்களும் வேளை தவறாத அன்பும்

குற்றாலம் என்றதும் நம் நினைவில் எழுவது சாரல் காலமே. ஆனி, ஆடி மாதங்களில் பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் நீராட மக்கள் திரள்கின்றனர். தெருவோரம் மங்குஸ்தானும் ரம்பூட்டானும் குவிந்து கிடக்கின்றன. ஆனால் அந்த ஆரவாரத்துக்கு முன்னே வரும் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களைக் காண வெளியூரிலிருந்து எவரும் வருவதில்லை. அப்போது பேரருவி பாறையில் வழியும் ஒரு நூலிழையாக மெலிந்துவிடும். சில ஆண்டுகளில் அந்த இழையும் அறுந்து, பாறை வெயிலில் காய்ந்து கிடக்கும்.

இம்மூன்று மாதங்களுள் பின்னிரண்டையும் நம் முன்னோர் இளவேனில் என்று வகுத்தனர். இம்மலையைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் தம் குற்றாலக் குறவஞ்சியின் தலைவிக்கு வசந்தவல்லி என்றே பெயர் சூட்டினார். கவிஞரின் வசந்தம் தென்றலோடும் மலரோடும் வருகிறது. வீட்டு முற்றத்தில் நாலு கோழியும் இரண்டு ஆடும் ஒரு பசுவும் வளர்க்கும் குடும்பத்துக்கோ அது வேறு முகம் காட்டுகிறது. குட்டிகள் பிறப்பதும் இப்போதுதான். புல் கருகுவதும் இப்போதுதான். குஞ்சுகள் பொரிப்பதும் இப்போதுதான்; கோழிகளுக்குக் கொள்ளைநோய் வருவதும் இப்போதுதான்.

ஐரோப்பிய நாடுகளில் பனி உருகிப் புல் தளிர்க்கும் வேளையும் ஆட்டுக்குட்டிகள் பிறக்கும் வேளையும் ஒன்றாக அமைந்திருக்கின்றன. நம் உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்து அட்டைகளில் பசும்புல்மேல் துள்ளி நிற்கும் ஆட்டுக்குட்டி அந்த நாட்டுக் குட்டி. நம் ஊர்க் குட்டியோ அறுவடை முடிந்த வயலின் காய்ந்த தாளடியைப் பார்த்தே கண் விழிக்கிறது. அதற்குப் புல் கிடைக்க வேண்டுமாயின் மேற்கே மலையில் மேகம் இறங்க வேண்டும். அதுவரை அதன் உயிரைத் தாங்குவது மனிதரின் கை ஒன்றே.

அத்தகைய ஒரு முற்றத்தையும், அதன் வாயிலில் நின்று நான் ஒப்புக்கொள்ள நேர்ந்த ஒரு பிழையையும் பற்றி வாசகக் குடும்பங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஆச்சியின் முற்றம்

குற்றாலத்துக்குக் கிழக்கே, சிற்றாற்றுப் பாசனத்தில் அடங்கிய ஒரு சிற்றூர் எங்கள் பங்கைச் சேர்ந்தது. அங்கே எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி தம் பேரனோடு வாழ்கிறார். பையனின் தந்தை வெளிமாநிலத்தில் வேலை செய்கிறார், தாய் இறந்துவிட்டார். எங்கள் பக்கத்து வழக்கப்படி நானும் அவரை ஆச்சி என்றே அழைப்பேன். பேரனுக்கு அப்போது வயது பதினொன்று.

ஓட்டு வீடு; அதன் பின்னால் ஐந்து சென்ட் அளவில் ஒரு கொல்லை. கிளுவை வேலி. வேலியோரம் அகத்தி இரண்டு, பூவரசு ஒன்று, வேம்பு ஒன்று. வைக்கோல் படப்பின் அருகே சிறு தொழுவம். அதில் ஒரு கலப்பினப் பசு. மறுபுறம் இரண்டு வெள்ளாடுகள். அவை இரண்டும் கன்னி ஆடுகள். விருதுநகர், தூத்துக்குடி, நெல்லைச் சீமைக்கே உரிய இனம் அது. கரிய உடலும், முகத்தின் இருபுறமும் இறங்கும் வெள்ளைக் கோடும் உடையதைப் பால்கன்னி என்பர். கோடு செந்நிறமானால் செங்கன்னி. இரட்டைக் குட்டி ஈனுவது இவ்வினத்துக்கு இயல்பு. இவற்றோடு சிறுவிடைக் கோழிகள் பதினொன்றும் சேவல் ஒன்றும் அம்முற்றத்தில் அன்று மேய்ந்துகொண்டிருந்தன.

இந்த முற்றமே அவ்வீட்டின் வங்கி. பால் விற்ற காசு மளிகைக்கு. முட்டைக் காசு பேரனின் நோட்டுக்கும் பேனாவுக்கும். ஆட்டுக்கிடாய் விற்ற காசு மருத்துவச் செலவுக்கும் கூரை ஓடு மாற்றவும். எழுதி வைக்காத வரவுசெலவுத் திட்டம் ஆயினும் பிசகாத திட்டம்.

பங்குனியில் பிசான நெல் அறுவடை முடிந்ததும் வயல்கள் திறந்துவிடப்படும். ஊர் ஆடுகள் தாளடியில் மேயும். கீதாரிகள் நூற்றுக்கணக்கான ஆடுகளை ஓட்டிவந்து இரவில் வயலில் கிடை போடுவர். வயலுக்கு உரம், கிடைக்காரருக்குக் கூலி. ஆனால் தாளடி சில வாரங்களில் தீர்ந்துவிடும். பின்பு மரங்களே மேய்ச்சல் நிலம். தொரட்டிக் கம்போடு பையன் புறப்பட்டுப் பூவரசந்தழையும் வேப்பந்தழையும் வளைத்துக் கொடுப்பான். கருவேல நெற்றும் குடைவேல நெற்றும் உதிரும் காலம் அது. சாக்கில் பொறுக்கி வந்தால் ஆடுகளுக்கு அதைவிட நல்ல தீனி கோடையில் இல்லை.

அடைக்கோழி

குருமடத்தில் பல ஆண்டுகள் தத்துவமும் இறையியலும் கற்ற எனக்குக் கோழியை அடை வைக்கத் தெரியாது. அதை ஆச்சியே கற்றுக் கொடுத்தார்.

நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு அமர விரும்பும். ஆச்சியின் வீட்டில் சாம்பல் புதனுக்குப் பின் எவரும் முட்டை உண்பதில்லை. தவக்காலத்து முட்டைகள் ஈர மணல் பரப்பிய மண்சட்டியில் சேரும். ஈரமணல் எதற்கு என்று கேட்டேன். பங்குனி வெயிலில் முட்டையை வெளியே வைத்தால் கோழி அமருமுன்பே கரு கிளர்ந்து, பாதியில் நின்றுவிடும் என்றார். பெரிய குஞ்சு பொரிப்பகங்களில் முட்டைகளைக் குளிர்ந்த அறையில் வைப்பதன் காரணமும் இதுவே. ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டையை அவர் அடைக்கு வைப்பதில்லை.

பழைய கூடையில் வைக்கோல் பரப்பி, பன்னிரண்டு முட்டைகளை அடுக்கி, இருள் கவிந்தபின் கோழியை அதன்மேல் அமர்த்தினார். இடி இடித்தால் கூமுட்டையாகும் என்ற நம்பிக்கையில் ஓர் இரும்பு ஆணியும் ஒரு கரித்துண்டும் கூடையில் இட்டார். இதை நான் நம்பவில்லை, ஆயினும் தடுக்கவுமில்லை. ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கின்முன் ஒவ்வொரு முட்டையாகப் பிடித்துக் காட்டினார். உள்ளே சிலந்தி வலைபோல் செந்நரம்புகள் ஓடுவதைக் கண்டபோது பேரனைவிட நானே அதிகம் வியந்தேன்.

இருபத்தொரு நாள். அத்தனை நாளும் கோழி நாளுக்கு ஒருமுறை இறங்கிச் சிறிது தின்று, குடித்து, மீண்டும் ஏறிவிடும். முட்டைகளை அலகால் புரட்டிப் புரட்டிச் சூட்டைச் சமமாக்கும். அது இறங்கும் அந்தச் சிறுபொழுதில் தீனியும் தண்ணீரும் ஆயத்தமாக இருக்க வேண்டும். பையன் பள்ளிக்குப் புறப்படுமுன் அதைச் செய்யத் தவறியதில்லை. தாமதித்தால் கோழி தீனியைத் தேடி அலையும், முட்டை குளிரும்.

மறந்துபோன துண்டுத்தாள்

இனி என் பிழைக்கு வருகிறேன்.

2023-ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் கால்நடை மருந்தக ஊழியர் ஒருவர் என்னிடம் ஒரு துண்டுத்தாளைத் தந்தார். கோடைக்கு முன் கோழிகளுக்குக் கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாம் நடைபெறும். ஞாயிறு பூசையில் அறிவித்தால் நலம் என்று கேட்டுக்கொண்டார். நன்று என்று வாங்கினேன். அந்த ஞாயிறு லூர்து அன்னை பெருவிழாவுக்கான அறிவிப்புகள் நீண்டன. கொடியேற்றம், தேர்ப்பவனி, அன்னதானம், வரி. மக்கள் ஏற்கெனவே பொறுமை இழந்திருந்தனர். கோழி ஊசியை அடுத்த ஞாயிறு சொல்லிக்கொள்ளலாம் என எண்ணித் தாளைத் திருப்பலிப் புத்தகத்தில் செருகினேன். அடுத்த ஞாயிறு அதை மறந்தே போனேன்.

வெள்ளைக்கழிச்சல் என்று நம் மக்கள் சொல்லும் இந்நோய் பழைய பகைவன். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1926-இல் கண்டறியப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நம் நாட்டின் ராணிக்கேத் என்ற மலையூரில் காணப்பட்டதால் இங்கு அவ்வூரின் பெயரையே பெற்றது. வெண்மையும் பச்சையும் கலந்த கழிச்சல், தொங்கும் இறக்கை, வாய் திறந்து இழுக்கும் மூச்சு, முறுக்கிக்கொள்ளும் கழுத்து ஆகியன இதன் அடையாளங்கள். இதற்கு மருந்து கிடையாது. வருமுன் காப்பது ஒன்றே வழி.

பங்குனி பிறந்த சில நாளில் அச்சிற்றூருக்குள் நோய் நுழைந்தது. ஐந்து நாட்களில் வீட்டுக்கு வீடு கோழிகள் மடிந்தன. ஆச்சியின் பதினொரு கோழிகளில் ஒன்பது போயின, சேவலும் போயிற்று. அடைக்கோழி பதினேழாம் நாளன்று கூடையிலேயே தலை சாய்ந்து கிடந்ததாம். உள்ளே முட்டைகள் குளிர்ந்திருந்தன. இன்னும் நான்கு நாள் அது உயிரோடிருந்தால் குஞ்சுகள் வெளிவந்திருக்கும்.

மார்ச் 24, வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்தபின் ஆச்சி என்னிடம் வந்தார்.

"சாமி, புளியம்பட்டி அந்தோனியாருக்கு ஒரு சேவல் நேர்ந்து விட்டிருந்தேன். அதுவும் செத்துப்போச்சு. நேர்ந்துக்கிட்டதைக் குடுக்காத குத்தம் எனக்கு வருமா?"

குற்றம் ஏதுமில்லை, ஆச்சி. கொடுக்க நினைத்த உங்கள் மனத்தைப் புனிதர் ஏற்றுக்கொள்வார் என்று ஆறுதல் கூறி அனுப்பினேன். அறிவுரை சொல்லிப் பழகிய நாவுக்கு அது கடினமாக இருக்கவில்லை.

மறுநாள் மங்கள வார்த்தைத் திருநாள். காலையில் அந்நாளுக்குரிய மன்றாட்டைத் தேடித் திருப்பலிப் புத்தகத்தைப் புரட்டினேன். சில தாள்களுக்கு முன்னே, லூர்து அன்னையின் பக்கத்தில், மடித்த அந்தத் துண்டுத்தாள் இருந்தது. அன்று எவ்வாறு பூசை நிறைவேற்றினேன் என்பதை இறைவனே அறிவார்.

பூசை முடிந்ததும் ஆச்சியின் வீட்டுக்குச் சென்றேன். தாளைக் காட்டினேன். குற்றம் உங்களுடையதன்று, என்னுடையது என்றேன். தடுப்பூசி போட்டிருந்தால் ஒன்றுகூட இறந்திராது என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆயினும் பெரும்பாலானவை பிழைத்திருக்கும். இழந்த கோழிகளுக்கு ஈடாகப் பணம் கொண்டு சென்றிருந்தேன். அவர் அதைத் தொடவில்லை. சிறிது நேரம் பேசாமலிருந்து பின்பு சொன்னார்:

"மறதி எல்லாருக்கும் வரும் சாமி. கோழிக்குத்தான் காத்திருக்கத் தெரியாது."

கண்டிப்பாகவும் இல்லை அச்சொல், ஆறுதலாகவும் இல்லை. உள்ளதை உள்ளபடி உரைத்தார். நான் கேட்ட எத்தனையோ தியான உரைகளைவிட அது என்னுள் ஆழமாக இறங்கியது.

பணத்தை வாங்க மறுத்தவர் வேறு ஒரு வழி சொன்னார். நோய் ஓய்ந்து, வீட்டையும் கூட்டையும் சுண்ணாம்படித்துச் சில வாரங்கள் ஆறப்போட்டபின், நான் இரண்டு விடைக்கோழிகளும் ஒரு சேவலும் வாங்கி அவரிடம் வாரத்துக்கு விட வேண்டும். பொரிக்கும் குஞ்சுகளில் பாதி அவருக்கு, பாதி எனக்கு. ஆடு மாடுகளை இவ்வாறு வாரத்துக்கு விடுவது நம் கிராமங்களில் தொன்றுதொட்ட முறை. இல்லாதவர் கையேந்தாமல் உடைமையாளராக வழிசெய்யும் முறை அது. "சும்மா வேண்டாம் சாமி, வாரத்துக்குன்னா சரி" என்றார். அவ்வாறே செய்தோம்.

மூன்றாவது குட்டி

குருத்து ஞாயிறை ஒட்டிய ஓர் இரவில் ஆச்சியின் மூத்த ஆடு ஈன்றது. ஐப்பசியில் சினைப்பட்ட ஆடு. வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். ஈன்றவை மூன்று குட்டிகள். ஆட்டுக்கு மடிக்காம்பு இரண்டே. முதலிரு குட்டிகள் எழுந்து பற்றிக்கொண்டன. மூன்றாவது, ஓர் ஆண்குட்டி, ஒன்றரைக் கிலோவும் இராது. காலூன்ற இயலாமல் கிடந்தது.

குட்டி பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். நோயை எதிர்க்கும் ஆற்றலைத் தாய் தன் குட்டிக்கு அந்தப் பாலின் வழியேதான் தருகிறது. மணிகள் கழியக் கழியக் குட்டியின் குடல் அவ்வாற்றலை உட்கொள்ளும் தன்மையை இழந்துவிடுகிறது. ஆச்சி தொப்புள்கொடியைச் சுத்தமான கத்தரியால் நறுக்கி மருந்திட்டார். பையன் தாயாட்டின் காம்பிலிருந்து சீம்பாலைக் கிண்ணத்தில் கறந்து, துணித்திரியை நனைத்துக் குட்டியின் வாயில் வைத்தான். விடியுமுன் அது உறிஞ்சத் தொடங்கியது.

அன்றுமுதல் நான்கு மணிக்கு ஒருமுறை பால். பசும்பாலை வெதுவெதுப்பாக்கிப் புட்டியில் ஊற்றிப் புகட்டினான். நள்ளிரவிலும் எழுந்தான். பெரிய வெள்ளி வழிபாட்டுக்குக் கோவிலுக்கு வந்தவன் இடையில் எழுந்து வெளியே சென்றதைக் கண்டேன். குட்டியை ஒரு பனையோலைக் கடகத்தில் வைத்து மரத்தடியில் நிறுத்தியிருந்தான். முன்பாயின் கண்டித்திருப்பேன். அன்று கண்டிக்கவில்லை.

கோழிகள் போனதால் முட்டைக் காசு நின்றது. ஆட்டு வியாபாரி ஒருவர் தாயையும் குட்டிகளையும் சேர்த்து விலை பேசினார். மேலப்பாளையம், பாம்புக்கோவில் சந்தைகளுக்கு ஆடு பிடிப்பவர்கள் கோடையில் தீனித் தட்டுப்பாட்டை அறிந்தே ஊருக்குள் வருவர். அப்போது விலை தாழ்ந்திருக்கும். ஆச்சி இரண்டு நாள் யோசித்தார். பிறகு, "புல்லு முளைச்சபிறகு வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டார். அந்த முடிவின் விலையை இருவரும் கொடுத்தனர். பையன் விடுமுறை முழுவதும் நெற்றுப் பொறுக்கினான். ஆச்சி பால் ஊற்றிய காசில் மளிகையைக் குறைத்துத் தவிடும் பிண்ணாக்கும் வாங்கினார்.

ஒருநாள் பையன் என்னைக் கேட்டான்: "சாமி, இதை வளர்த்துப் பிறகு விக்கத்தானே போறோம். அது பாவமா?"

எளிய கேள்வி அன்று. பால்புட்டியைத் தன் கையால் பிடித்தவன் கேட்கிறான். நான் இவ்வாறு சொன்னேன்: "விற்பது பாவமில்லை தம்பி. அதை உண்டாக்கியவர் அதன்மேல் நமக்குக் கொடுத்தது காவல் பொறுப்பு. அது உன்னிடம் இருக்கும் நாள்வரை பசியும் தாகமும் அறியாதிருக்க வேண்டும். விற்கும் நாளிலும் அதைக் கட்டி இழுத்து, அடித்து, வண்டியில் நெருக்கி அனுப்பக் கூடாது." அவன் முழுமையாக ஆறுதல் அடைந்தான் என்று சொல்லமாட்டேன். அடைய வேண்டும் என்றும் நான் விரும்பவில்லை.

மறைநூலின் பழைய சட்டங்களில் இதே உணர்வு ஓடுவதை அதன்பின் புதிதாகக் கண்டேன். ஓய்வுநாளின் ஓய்வு கால்நடைகளுக்கும் உண்டு. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டலாகாது. பறவைக் கூட்டில் தாயைக் குஞ்சுகளோடு சேர்த்துப் பிடிக்கலாகாது. தாவீது மன்னனின் மனச்சான்றை நாத்தான் இறைவாக்கினர் தட்டி எழுப்பியதும், ஏழை ஒருவன் தன் உணவையும் கிண்ணத்தையும் பகிர்ந்து வளர்த்த ஓர் ஆட்டுக்குட்டியின் கதையால்தான். அரண்மனைக்கு எட்டாத நீதியை அக்குட்டி எட்ட வைத்தது.

பசுவின் தாகம்

கோடையில் கறவைப் பசுவுக்குத் தீனியைவிடத் தண்ணீரே பெரிது. கலப்பினப் பசு ஒரு நாளில் 60 லிட்டருக்கு மேலும் குடிக்கும். தாகத்தோடு நிற்கும் பசுவின் மடி முதலில் வற்றும். ஆச்சியின் வீட்டில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். குடங்களை வரிசையாக நிரப்பி, முதல் இரண்டு குடம் பசுவின் தொட்டிக்குப் போன பின்னரே அடுக்களைக்குப் போகும். அரிசி கழுவிய நீரும் வடிகஞ்சியும் அதற்கே.

நம் முன்னோர் இதை அறமாகவே எண்ணினர். முப்பத்திரண்டு அறங்கள் என்று வழங்கும் பழைய பட்டியலில் பசுவுக்கு வாயுறை கொடுத்தலும், மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரிஞ்சு தறி நடுதலும் இடம்பெற்றுள்ளன. சாலையோரக் கல்தொட்டிகள் அந்த மனத்தின் எச்சங்கள். இன்று அவற்றுள் பல குப்பைத் தொட்டிகளாகிவிட்டன.

பசு ஈன்றால் முதல் சில நாள் சீம்பாலை விற்கலாகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கன்று வயிறாரக் குடித்தபின் எஞ்சியதில் கருப்பட்டி சேர்த்து அவித்துத் தெருவார்க்கெல்லாம் பகிர்வர். நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டுவர். விலைக்கு விற்கும் பொருளாகப் பாலைக் காணுமுன், பகிர்ந்துண்ணும் கொடையாகக் காணச் செய்தது அவ்வழக்கம்.

சுருங்கிவரும் முற்றங்கள்

2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகளும் 12 கோடிக்கு மேற்பட்ட கோழியினங்களும் இருந்தன. கோழிகளில் பெரும்பகுதி நாமக்கல் போன்ற இடங்களின் பண்ணைகளுக்கு உரியவை. 2011-இல் ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் விலையின்றி வழங்கும் திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. பல வீடுகளுக்கு அது கைகொடுத்தது. ஆனால் ஆட்டைக் கொடுத்தோர் மேய இடத்தைக் கொடுக்க இயலவில்லை. ஊர்ப் புறம்போக்கும் மேய்ச்சல் தரிசும் மனைகளாகிவிட்டன. மலையடிவாரக் காடும் முன்போல் இல்லை. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் வனங்களில் கால்நடை மேய்ச்சலைத் தடைசெய்து, பின்பு அத்தடையைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுக்கு என்று வரையறுத்தது. காட்டு விலங்குக்கும் வாழிடம் வேண்டும். அதை மறுக்க இயலாது. ஆகவே வீட்டு வேலியில் நிற்கும் ஓர் அகத்தியும் கல்யாண முருங்கையும் முன்னெப்போதையும்விட இன்று மதிப்புடையவை.

நம் பங்குகளில் முற்றத்துக்குச் சிமெண்டு பூசும் வீடுகள் பெருகுகின்றன. வசதி பெருகுவதில் எனக்கு மனவருத்தம் இல்லை. ஆயினும் பசித்த உயிருக்காகத் தன் விளையாட்டை நிறுத்தி எழும் பழக்கத்தை அவ்வீட்டுக் குழந்தைகள் வேறு எங்கே கற்பர் என்று பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆச்சிக்குக் காய்ச்சல் வந்த இரவில் மருந்து வேளையை மறவாமல் எழுந்து கொடுத்தவன் அந்தப் பேரனே. ஆட்டுக்குட்டி அவனை ஏற்கெனவே எழுப்பிப் பழக்கியிருந்தது.

முற்றமுள்ள குடும்பங்களுக்கு

பிப்ரவரி முதல் இரு வாரங்களில் அரசு நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமைத் தவறவிடாதீர்கள். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து. எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. மருந்து குளிர்ச்சியில் இருக்க வேண்டும். வெயில் ஏறுமுன் போட்டுவிட வேண்டும். நோய் கண்ட கோழியை விற்கவோ அயலாருக்குக் கொடுக்கவோ வேண்டா. இறந்ததைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதையுங்கள்.

ஆடுகளுக்கு ஆட்டுக்கொல்லி நோய்க்கான ஊசி ஒருமுறை போட்டால் மூன்றாண்டு காக்கும். துள்ளுமாரி நோயோ மழைக்குப்பின் முளைக்கும் இளம்புல்லை அளவின்றி மேய்வதால் வருவது. ஆகவே அதற்கான ஊசியும் குடற்புழு மருந்தும் சாரலுக்கு முன், வைகாசியிலேயே முடிந்திருக்க வேண்டும். முதல் புல்லைக் கண்டு மகிழ்ந்து ஆட்டை அவிழ்த்துவிட்டு இழந்தோர் பலர்.

ஊசி என்றால் தயங்கும் முதியோருக்கு ஒன்று சொல்லுங்கள். நம் பாட்டனார் காலத்தில் தொழுவம் தொழுவமாக மாடுகளைக் கொன்ற வெக்கை நோய், தடுப்பூசியாலேயே ஒழிந்து, 2011-ஆம் ஆண்டில் உலகைவிட்டு நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்குப் பின் முற்றும் ஒழிக்கப்பட்ட நோய் அது ஒன்றே.

சாரல்

அந்த ஆண்டு பருவமழை கேரளத்தில் ஜூன் 8-ஆம் நாளே தொடங்கியது. வழக்கமான ஜூன் முதல் நாளுக்கு ஒரு வாரம் பிந்தியது. செய்தியில் ஒரு வாரம் என்பது ஒரு வரி. ஆச்சியின் தொழுவத்தில் அது ஏழு பகலும் ஏழு இரவும். படப்பு தரையோடு தேய்ந்திருந்தது. பையன் தினமும் மாலையில் செங்கோட்டைப் பக்கத்து மலையைப் பார்த்து நிற்பான்.

ஒரு பிற்பகலில் கணவாய்க் காற்று திசை பிடித்து வீசியது. மேகம் மலைமுகட்டை மறைத்தது. மாவு சலித்தாற்போல் மெல்லிய தூறல் முற்றத்தில் இறங்கியது. மூன்றாவது குட்டி அதற்குமுன் மழையைக் கண்டதில்லை. உடம்பைச் சிலிர்த்துத் தொழுவத்துக்குள் ஓடி, மீண்டும் எட்டிப் பார்த்தது. பத்து நாளில் வரப்புகள் பச்சையாயின. ஊசி போட்டு முடித்திருந்ததால் அச்சமின்றி ஆடுகளை அவிழ்த்துவிட்டனர்.

வாரத்துக் கோழிகளின் முதல் குஞ்சுகளில் என் பங்காக நான்கு கிடைத்தன. அவற்றுள் ஒரு சேவல் தேறியதும் ஆச்சி புளியம்பட்டிக்குக் கொண்டுசென்று தம் நேர்த்திக்கடனைத் தீர்த்தார். எஞ்சியவை பங்கு இல்லத்தின் பின்புறம் வளர்ந்தன. விடியுமுன் அவை கத்தும்போது எழுந்து பஞ்சாரத்தைத் தூக்கிவிடுவது இப்போது என் வேலை.

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி முதல் ஞாயிறு, திருவிழா அறிவிப்புகள் எத்தனை நீண்டாலும், கோழி ஊசி அறிவிப்பையே முதலில் வாசிக்கிறேன். மக்கள் சிரிக்கின்றனர். முன்வரிசையில் ஆச்சி மட்டும் சிரிப்பதில்லை, தலையசைக்கிறார்.